சாங்கானேரில் ஒரு வாகைப்பூ

ஜெய்ப்பூர் விமான நிலையம் இருக்கும் ஊரின் பெயர் சாங்கானேர். வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக் காரில் ஏறி வடக்கே கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்க்கப் போய்விடுகிறார்கள். பழைய நகரத்திலிருந்து தெற்கே 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊர் முன்பு தனித்து இருந்தது. இப்போது ஜெய்ப்பூர் பெருகி வந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. மேம்பாலம், கைப்பேசிக் கடைகள், ஓயாத ஹாரன். ஆனால் பெரிய சாலையை விட்டு உள்தெருவுக்குள் திரும்பினால் ஊர் தன் பழைய வேலையைச் செய்துகொண்டிருப்பது காதில் விழும். ஒரு வாசலில் மர அச்சு மேசையில் இறங்கும் சத்தம். இன்னொரு வாசலில் காகிதக் கூழ் அரைக்கும் தொட்டியின் உறுமல். துணியில் அச்சுப் போடும் சீப்பாக்கள் ஒரு பக்கம், கையால் காகிதம் செய்யும் காகஜிகள் இன்னொரு பக்கம். வாழ்த்து அட்டை செய்கிறவருக்கு வேண்டிய தாளும் அச்சும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிற இப்படி ஓர் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் போனது ஆண்களுக்கு அட்டை செய்ய. அம்மாவுக்கும் அக்காவுக்கும் தோழிகளுக்கும் அச்சுப் போட்டு அட்டை செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். மல்லிகை, மயில், கோலம், தாமரை என்று கை தானாக ஓடும். ஆண்களுக்கு என்று உட்கார்ந்தால்தான் நின்றுவிடும். கைவினைக் கடைகளில் ஆண்களுக்கென்றே விற்கும் ரப்பர் முத்திரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? டை, மீசை, கார், தூண்டில், பாய்மரக் கப்பல், பல்சக்கரம், பீர் கோப்பை. நிறம் என்றால் கருநீலம், சாம்பல், பழுப்பு. என் அப்பா டை கட்டியதில்லை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த அத்தான் தூண்டில் போட்டதில்லை, கப்பலைக் கரையில் நின்றுகூடப் பார்த்திருப்பாரோ என்னவோ. அந்த முத்திரைகள் குறிக்கும் ஆண் எங்கள் குடும்பத்தில் யாருமே இல்லை.

இத்தனைக்கும் நம் ஊரில் ஆண்கள் ஆண்களுக்கு அட்டை அனுப்பிய காலம் ஒன்று உண்டு. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நடைபாதையில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். கரும்பு, பொங்கல் பானை, முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, பெரிய சிவப்பு ரோஜா. அப்பா தன் நண்பர்களுக்கு ஜிகினா ஒட்டிய ரோஜா அட்டைகளைத்தான் பொறுக்கி எடுப்பார். அவர்களிடமிருந்து வந்ததும் ரோஜாதான். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குப் பூப்படம் அனுப்புகிறானே என்று யாரும் நினைத்ததில்லை. அந்த வழக்கம் கைப்பேசியோடு போனது. அதன் இடத்துக்கு வந்த அட்டைகளில் பூ பெண்களுக்கு, சக்கரம் ஆண்களுக்கு என்று பிரித்துவிட்டார்கள்.

இந்த வருடம் மூன்று அட்டைகள் வேண்டியிருந்தன. அப்பாவுக்குச் சதாபிஷேகம். அத்தானுக்குப் பணி ஓய்வு. அண்ணன் மகனுக்கு முதல் வேலை. இந்த மூன்றையும் டையும் பல்சக்கரமும் இல்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தோடு மாசி மாத வெயிலில் சாங்கானேர் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் காகிதம். காகஜிகளை ஆமேரின் ராஜா மான்சிங் பதினாறாம் நூற்றாண்டில் இங்கே குடியமர்த்தினார் என்று அவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் இருந்ததால் இந்த இடம். மரத்தை வெட்டாத காகிதம் இது. மூலப்பொருள் பருத்தித் துணி. நான் போன பட்டறையின் முற்றத்தில் குவிந்து கிடந்ததெல்லாம் பனியன் துணியின் வெட்டுத்துண்டுகள். திருப்பூர்த் தெருக்களில் மூட்டை மூட்டையாகப் பார்க்கிறோமே, அதே ரகம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவற்றை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பித்தானோ ரப்பரோ ஒன்று தவறி உள்ளே போனாலும் தாளில் கறையாக வந்து நிற்கும். பிரித்த துணியைப் பொடியாக நறுக்கி, பற்கள் கொண்ட உருளை சுழலும் நீள்வட்டத் தொட்டியில் தண்ணீரோடு மணிக்கணக்கில் சுழலவிடுகிறார்கள். துணி நெய்தவன் முறுக்கியதையெல்லாம் அந்த உருளை பிரித்துவிடுகிறது. கடைசியில் தொட்டியில் மிஞ்சுவது பால்போன்ற நார்.

அந்த நாரிலிருந்து தாள் எடுப்பதைப் பார்க்க ஒரு நாள் முழுக்க நிற்கலாம். சட்டத்தில் கட்டிய சல்லடையைத் தொட்டிக்குள் சாய்த்து இறக்கி, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே ஒரு குலுக்கு. நார்கள் ஒன்றோடொன்று எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்வது அந்தக் குலுக்கில்தான். ஆலைக் காகிதத்தில் நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அதனால் ஒரு பக்கம் மடித்தால் நேராக மடியும், மறுபக்கம் மடித்தால் முதுகு வெடிக்கும். கைத்தாள் எப்படி மடித்தாலும் வளைந்து கொடுக்கும். அட்டை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். தண்ணீர் வடிந்ததும் சல்லடையைத் துணிமேல் கவிழ்க்கிறார்கள். தாள்மேல் துணி, துணிமேல் தாள் என்று அடுக்கு உயர்ந்ததும் அழுத்துபொறியில் வைத்துப் பிழிகிறார்கள். பிறகு கொடியில் காயவைத்து, மை ஊறிப் பரவாமலிருக்கப் பசையேற்றி, உலோகத் தகடுகளுக்கிடையே வைத்து உருளையில் அழுத்தி வழவழப்பாக்குகிறார்கள். இந்தக் கடைசி வேலையை முன்னோர்கள் கஞ்சி பூசி, அகேட் கல்லால் தேய்த்துச் செய்தார்கள். அரண்மனைக் கணக்கர்களின் நாணல் பேனா வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமே.

“எதற்குத் தாள், மகளே?” என்று பட்டறைப் பெரியவர் கேட்டார். வாழ்த்து அட்டைக்கு என்றேன். அப்பாவுக்கு என்றதும் எழுந்துபோய் அடுக்கின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். 22 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாள், நல்ல கனம், ஓரங்கள் வெட்டப்படாமல் நார் நாராக இழைந்திருந்தன. “அரைகுறையாக அழுத்தியதை எடுக்காதே, அச்சு திட்டுத் திட்டாக விழும். மிக வழவழப்பானதும் வேண்டாம், மை மேலேயே நிற்கும். நடுவாந்திரமாக எடு” என்றார். அந்த அளவுத் தாளில் ஐந்துக்கு ஏழு அங்குல மடிப்பு அட்டை ஒன்பது எடுக்கலாம். கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. மடிப்புக் கோட்டில் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, சற்று ஊறவிட்டுப் பிரித்தால் ஓரம் தானாகவே நார் விட்டுக் கிழியும்.

அதே ஊரில் கைக்காகிதத்துக்கென்று ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. அதன் வாசற்பலகையில் இருக்கும் பெயர் குமரப்பா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்குப் பதிவியலும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படித்து, 1929இல் காந்தியைச் சந்தித்த பின் கிராமத் தொழில்களுக்கே வாழ்வைக் கொடுத்த ஜே.சி. குமரப்பாதான். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து கட்டி நடத்தியவர். அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ராஜஸ்தானத்துப் புழுதித் தெருவில் அந்தப் பெயரைப் பார்த்து நெடுநேரம் நின்றேன். குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டியில். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், மறைந்தார். என் அப்பா அந்த வட்டாரத்துக்காரர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அங்கிருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கதர் அரைச்சட்டையோடு நடந்துபோன குமரப்பாவைத் தள்ளி நின்று பார்த்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்பாவின் அட்டைக்குள் என்ன எழுதுவது என்பது அந்த வாசலிலேயே முடிவாகிவிட்டது.

வெளியே என்ன போடுவது என்பதுதான் பாக்கி.

சீப்பாக்களின் பட்டறைகள் பக்கம் போனேன். நீளமான மேசை, மேலே பல அடுக்குச் சாக்கும் துணியும் மெத்தையாக விரித்திருக்கிறது. பக்கத்தில் சக்கரம் வைத்த சின்ன வண்டியில் சாயத்தட்டு. அச்சுக்காரர் கட்டையைத் தட்டில் ஒற்றி, துணிமேல் வைத்து, பின்பக்கம் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஒரே அடி. கட்டையின் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளி அடுத்த கட்டை எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறது. கண் அந்தப் புள்ளியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஒரு பூவுக்கே மூன்று நான்கு கட்டைகள். வெளிக்கோட்டுக்கு ரேக், பூவைச் சுற்றிய நிலத்துக்கு கத், உள்ளே நிறம் நிரப்ப தத்தா. சாங்கானேரின் அடையாளம் வெள்ளை நிலத்தில் மெல்லிய கோட்டுப் பூக்கள். பழைய முறையில் கறுப்பு என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் சேர்த்து ஊறவைத்து எடுத்தது. சிவப்பு, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் பிடிக்கும் வேர்ச்சாயம்.

இன்றைய நிலை வேறு. தெருவில் பாதிக்குமேல் திரை அச்சு. ரசாயனச் சாயம் கரைந்த தண்ணீர் திரவ்யவதி ஆற்றில் போய்ச் சேர்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னமும் அமானிஷா ஓடைதான். ஒரு காலத்தில் சாயத்துணிகளை அலசி மணலில் விரித்துக் காயவைத்த நீரோட்டம் அது. பாலத்தில் நின்று பார்த்தபோது கண்ட நிறத்தை எழுத எனக்கு மனமில்லை. நம் நொய்யலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை.

அச்சுக்காரரிடம் கேட்டேன்: “பாயி சாஹப், ஆண்களுக்கு என்ன அச்சுப் போடுவீர்கள்?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “பூதான்” என்றார். தலைப்பாகைக்குப் பூ, தோள் துண்டுக்குப் பூ, குளிர்கால மெத்தை அங்கிக்குப் பூ. பெண்ணுக்கு வேறு, ஆணுக்கு வேறு என்றால் பூவின் அளவும் நிறமும் மாறலாம், சாதிக்குச் சாதி வழக்கம் மாறலாம், பூவே கூடாது என்று யார் சொன்னது என்றார்.

மறுநாள் ஜெய்ப்பூர் நகர அரண்மனைக்குப் போனது அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். முபாரக் மஹாலில் அரச குடும்பத்தின் உடைகளை வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் சவாய் மாதோசிங்கின் ஆடையைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கிறது. பெரிய உடம்புக்காரர், அவருடைய அங்கிக்குள் சாதாரண ஆட்கள் இரண்டு மூன்று பேர் நுழையலாம். அதைத் தாண்டிப் போனால் சாங்கானேர் அச்சுத் துணிகள் இருக்கின்றன. போர்க்களம் போன ஆண்கள், யானைமேல் ஏறிய ஆண்கள் எல்லாரும் மேலெல்லாம் சின்னச் சின்னப் பூக்களோடு திரிந்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1620 வசந்தத்தில் ஜஹாங்கீர் காஷ்மீர் போனார். மலைச்சரிவெல்லாம் பூத்திருந்ததைக் கண்டு தம் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை மன்சூர் வரைந்ததாக ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். வேரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பூச்செடி அதன் பிறகு முகலாயக் கலையின் முத்திரையானது. ஷாஜஹான் காலத்தில் அது தாஜ்மஹாலின் சலவைக்கல் சுவரில் ஏறியது. அதே செடி ஆண்கள் இடுப்பில் கட்டும் பட்காவின் முந்தியில் வரிசையாக நின்றது. வாளைச் செருகிய இடுப்பில் கசகசாப் பூ.

நம் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதும் பூதான். சோழமண்டலக் கரையின் சாயமெழுதிய பூத்துணியில் தைத்த தளர்வான அங்கிகளை ஐரோப்பிய ஆண்கள் வீட்டில் அணிந்தார்கள். தனக்கென்று ஓர் இந்திய அங்கி வாங்கியதை லண்டனின் சாமுவேல் பீப்ஸ் 1661ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இந்தத் துணி மீதான மோகத்தைத் தாங்க முடியாமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடையே செய்தது. பின்பு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆண் நிறத்தையும் பூவையும் கழற்றி வைத்துவிட்டு இருண்ட கோட்டுக்குள் புகுந்தான். உளவியலாளர் ஃப்ளூகல் 1930இல் இதை ஆண்களின் பெருந்துறவு என்றே குறிப்பிட்டார். அச்சிட்டு விற்கும் வாழ்த்து அட்டைத் தொழில் பெருகியது இந்தத் துறவுக்குப் பிறகுதான். ஹென்றி கோல் தம் நண்பர்களுக்கு அனுப்ப ஓவியர் ஹார்ஸ்லியிடம் வரையச் சொல்லி அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை 1843ஐச் சேர்ந்தது, விலை ஒரு ஷில்லிங். தந்தையர் தினமோ 1910இல் அமெரிக்காவின் ஸ்போக்கேனில் சோனோரா ஸ்மார்ட் டாட் தொடங்கியது. அதை அதிபர் நிக்சன் 1972இல்தான் சட்டமாக்கினார். இருண்ட கோட்டுக்காரனை மட்டுமே பார்த்து வளர்ந்தது அட்டைத் தொழில். அவன் கழுத்தில் கண்ட டையைத்தான் அதனால் வரைய முடிந்தது. அந்த டையை நாம் ஏன் சென்னையில் உட்கார்ந்து ஒற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

அரண்மனை முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது, தோன்றியதும் நேராகச் சாங்கானேருக்குத் திரும்பினேன். ஆணுக்குப் பூச் சூட்டியதில் முகலாயருக்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் கைதேர்ந்திருந்தார்கள். ஆநிரை கவரப் போனவன் வெட்சி சூடினான், மீட்கப் போனவன் கரந்தை சூடினான். களத்தில் எதிர்நின்று பொருதவன் தும்பை, வென்றவன் வாகை. போரின் திணைகளுக்கே பூவின் பெயர்கள். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று தொல்காப்பியம் குறித்து வைத்திருக்கிறது. மதுரைக்காரரான அப்பாவுக்கு வேப்பம்பூ. முப்பத்தைந்து வருடம் மழையிலும் புயலிலும் கம்பம் ஏறி, ஒரு விபத்தும் இல்லாமல் இறங்கிய அத்தானுக்கு வாகை.

கட்டை செதுக்குகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். சிறிய அறை, சன்னலோரம் தரையில் ஒரு தாழ்ந்த பலகை, சுற்றிலும் விரல் நீள உளிகள். சீஷம் மரத்துண்டின் முகத்தை வழவழப்பாக இழைத்து, வெள்ளை பூசி, அதன்மேல் கோட்டை ஏற்றி, ஓரம் ஓரமாகத் தட்டி எடுக்கிறார். வில்லால் இழுத்துச் சுழற்றும் துளையி ஒன்று வைத்திருந்தார். கட்டையின் உடம்பில் காற்று போக அதனால்தான் துளை போடுகிறார். அந்தத் துளை இல்லாவிட்டால் கட்டை துணியோடு ஒட்டிக்கொண்டு சாயத்தை அப்பிவிடும். செதுக்கி முடித்த கட்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. பத்துப் பதினைந்து நாள் ஊறினால்தான் மரம் வெடிக்காது.

வேப்பம்பூவை வரைந்து காட்டியதும் தலையாட்டினார். நீம் அவர் வாசலிலேயே நிற்கிறது. வாகையை வரைந்தபோது யோசித்தார். வாகைப் பூவுக்கு இதழ் கண்ணில் படாது. நூல் நூலாக நீண்ட மகரந்தத் தண்டுகள், விசிறி விரித்த மாதிரி, பச்சை கலந்த வெண்மை. என் இந்தியில் மரத்தை விளக்கத் தெரியவில்லை. காய்ந்த காய்கள் காற்றில் சலசலக்கும் என்று கையால் அசைத்துக் காட்டினேன். “அரே, சிரஸ்!” என்று எழுந்தார். தெருமுனைக்கு அழைத்துப் போய் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் காய்களோடு ஒலித்துக்கொண்டிருந்த மரத்தைக் காட்டினார். அதுவேதான்.

“தீதி, இந்த நூலையெல்லாம் தனித்தனிக் கோடாக நிற்கவைத்தால் நாலு அடியில் முறிந்துவிடும்” என்றார். பித்தளைத் தகட்டை வளைத்துக் கட்டையில் பதித்தால் முடியும், ஆனால் செலவு கூடும், காகிதத்தில் கூர்மையாக விழுந்து தாளையே கீறும். தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டார். நூலைச் செதுக்க வேண்டாம், நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைச் செதுக்குவோம். விசிறியை முழு வடிவமாக விட்டுவிட்டு அதில் மயிரிழைப் பள்ளங்களைக் கீறினால், அச்சு விழும்போது பள்ளங்கள் தாளின் வெள்ளையாகத் தெரியும், மிச்சமெல்லாம் நூலாகத் தெரியும். மரமும் முறியாது. அந்த யோசனை வந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். காம்புக்கும் இலைக்கும் தனி ரேக், விசிறிக்குத் தனி தத்தா. வேப்பம்பூவுக்கு அவரே கத் கட்டைதான் சரி என்றார். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படி ஒற்றுவது? பூவைச் சுற்றியுள்ள நிலத்தை மட்டும் நிறமாக அடித்தால், நடுவே தாளின் வெண்மையே ஐந்து இதழாக மலர்ந்து நிற்கும்.

அண்ணன் மகனுக்குப் புதுக்கட்டை செய்யவில்லை. வேலை முடிந்த பழைய கட்டைகளைச் சந்தில் ஒரு கடையில் குவித்து விற்கிறார்கள். சாயம் ஊறிக் கறுத்த குவியலைக் கிளறியதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கசகசாச் செடி கிடைத்தது. பட்கா முந்தியில் நிற்குமே, அதே நிமிர்வு, மேலே ஒரு பூ, பக்கத்தில் ஒரு மொட்டு, காற்றில் லேசாகச் சாய்ந்த காம்பு. அவனுக்கு இருபத்து மூன்று வயது. இதைவிட வேறென்ன வேண்டும்.

கட்டைகள் ஊறி முடிந்த பிறகு அச்சுப் போட்டது அச்சுக்காரரின் மேசையிலேயே. செதுக்கியவர் எண்ணெயில் ஊறவைத்த கட்டைகளைத் துடைத்துக் கொடுத்திருந்தார். துணிக்குப் பழகிய கைக்குத் தாள் புதிது. துணி சாயத்தை உறிஞ்சிக்கொண்டு கட்டையைப் பிடித்துக்கொள்ளும். பசையேற்றிய தாளில் கட்டை வழுக்கும். அவர் செய்தவற்றைச் சொல்கிறேன், வீட்டில் செய்கிறவர்களுக்கு உதவும். தாளின் அடியில் மெத்தையைக் குறைக்கவில்லை, ஒரு பழைய கம்பளி மடிப்பும் சேர்த்து வைத்தார். கட்டை மரம், தாள் கைத்தாள், இரண்டிலும் ஏற்ற இறக்கம் இருக்கும், அடியில் கொஞ்சம் கொடுத்தால்தான் எல்லா இடமும் தொடும். சாயத்தை நீர்க்கவிடாமல் பிசின் கூட்டிக் கெட்டியாக்கினார். தட்டில் ஒரு முறை ஒற்றியதைச் சாக்குத் துண்டில் ஒரு முறை தட்டி மிச்சத்தை எடுத்துவிட்டுத்தான் தாளுக்கு வந்தார். அடி ஒன்றே ஒன்று. இரண்டாவது அடி அடித்தால் கோடு இரட்டிக்கும். எடுக்கும்போது சாய்க்காமல் நேர் மேலே தூக்க வேண்டும். விசிறியின் மயிரிழைப் பள்ளங்களில் மை ஏறி அடைத்தபோது பழைய பல் தேய்க்கும் தூரிகையால் உடனுக்குடன் துடைத்தார். மடிப்பை அச்சு காய்ந்த பிறகே போடவேண்டும் என்றார். முதலில் மடித்தால் முதுகு மேட்டில் மை பிடிக்காது.

நிறத்தை நான் தேர்ந்தேன். வேப்பம்பூவைச் சுற்றி மருதாணி காய்ந்த செம்மண் சிவப்பு. வாகை விசிறிக்கு வெளிர் பச்சை, காம்புக்கு இரும்புக் கறுப்பு. கசகசாவுக்கு ரத்தச் சிவப்பு. அச்சுக்காரரின் மகன், பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன், அருகில் நின்று பார்த்துவிட்டுத் தன் தாத்தாவுக்கு ஒன்று வேண்டும் என்றான். ஒரு வேப்பம்பூ அட்டையை அவனே அடித்தான். தாத்தா உள் அறையில்தான் இருந்தார், கை ஓய்ந்த பழைய அச்சுக்காரர். அட்டையை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். புள்ளி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று.

ஜெய்ப்பூர் எம்.ஐ. சாலையில் இருக்கும் தலைமைத் தபால் நிலையத்திலேயே மூன்றையும் அனுப்பினேன். கையில் கொடுக்கலாம்தான். ஆனால் பெயரெழுதிய உறையைத் தபால்காரர் வாசலில் கூப்பிட்டுக் கொடுப்பது இந்த ஆண்களுக்கு எத்தனை காலத்துக்கு முன் நடந்தது? வங்கிக் கடிதமும் சொத்துவரி ரசீதும் தவிர அவர்கள் பெயருக்கு வேறென்ன வருகிறது? பெண்கள் ஒருவருக்கொருவர் கையால் செய்ததைக் கொடுத்துக்கொள்கிறோம். வீட்டு ஆண்களுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்களும் கேட்பதில்லை. கேட்காததால் வேண்டாம் என்று ஆகாது.

அப்பாவின் அட்டைக்குள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்தத் தாள் பழைய பனியனிலிருந்து வந்தது, செய்யும் ஊரில் நீங்கள் சிறுவயதில் பார்த்த குமரப்பாவின் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது, வெளியே இருப்பது பாண்டியன் பூ. அவர் போன் செய்து பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாளைப் பற்றித்தான் கேட்டார். எப்படி ஊறவைக்கிறார்கள், பசை என்ன, கூலி என்ன, குமரப்பா இருந்திருந்தால் அந்த ஆற்றைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று அரை மணி நேரம். அண்ணன் மகன் தன் அலுவலக மேசைத் தடுப்பில் கசகசாச் செடியைக் குத்தி வைத்துப் படம் அனுப்பினான்.

அத்தான் அதிகம் பேசாதவர். அன்று அவரே கூப்பிட்டார். “என்னம்மா, இது நம்ம சப்ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற வாகைதானே?” என்றார். வருடா வருடம் மழைக்கு முன்னால் அதன் கிளை கம்பியில் உரசாமல் கழித்துவிடுவது அவர் பொறுப்பாம். வேரோடு எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்களாம். இவர்தான் ஏணி போட்டு ஏறி, பூக்கிற பக்கத்தை விட்டுவிட்டு வெட்டச் சொல்வாராம். இத்தனை வருடத்தில் அக்காவிடம்கூடச் சொல்லாத கதை. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அடுத்த மாசம் நம்ம லைன்மேன் ஒருத்தர் ரிட்டையர் ஆகறார். அந்தக் கட்டை ஒங்கிட்டதானே இருக்கு? அவருக்கும் இதே பூ போட்டுக் குடு. அவர் பேரைத் தமிழ்லயே எழுது.”